வீட்டில் மறைத்து வைத்த விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது?

வண்டிப்பெரியாறு மகள்:
அப்பா இறந்த பிறகு பீர்மேடு தாலுகா ஆபீசில் வாரிசு சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தோம். கேரளாவில் அது கெசட்டில் வரும், ஆட்சேபணைக்கு 30 நாள் கெடு, தெரிந்ததுதானே. கெடு முடியும் முன்பே கம்பத்திலிருந்து ஒரு அம்மாவும் காலேஜ் வயசுப் பையனும் எங்கள் தேயிலைத் தோட்டக் குடியிருப்பான லயத்து வாசலில் வந்து நின்றார்கள். பையனுக்கு அப்பாவின் காது, அப்படியே விரிந்த மடல். நானும் தம்பியும் வாயடைத்துப் போனோம். எங்கள் அம்மா மட்டும் கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவன் பேரைச் சொல்லி "உள்ள வாப்பா" என்றார். அதுவரை நாங்கள் யாருமே அவனிடம் பேர் கேட்கவில்லை.
அம்மாவுக்கு எத்தனை வருஷமாகத் தெரியும் என்று இன்னும் கேட்க முடியவில்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எனக்கு ரேஷன் கார்டு சொன்னது. பழைய புத்தகக் கார்டு. ஸ்காலர்ஷிப் பாரத்துக்காக எடுத்தேன். அப்பா, அம்மா, ஆத்தா பேரெல்லாம் நீல மையில். என் பேர் கடைசியில், கருப்பு மையில், வேறு கையெழுத்தில், வயசு 4. அதற்கு முன்னால் நான் எங்கே இருந்தேன்? அம்மாவிடம் கேட்டேன். "எருமைக்குத் தண்ணி காட்டணும்" என்று எழுந்து போய்விட்டார். எருமையை விற்று அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது.
அப்புறம் பார்த்தால் கள்ளுக்கடைக்காரர் வரை ஊரில் எல்லோருக்கும் தெரியுமாம். கடைசி ஆள் நான்தான். ஊருக்குத் தெரிந்ததைப் பிள்ளையிடம் மட்டும் மறைப்பது என்ன நியாயம்?

புளியரை மாமா:
வண்டிப்பெரியாறு தங்கச்சி, முதலில் அம்மாவைக் குறை சொல்வதை நிறுத்துங்கள். தோட்டத்தில் கொழுந்து கிள்ளி உங்களை வளர்த்தவர், எந்த வயசில் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து இதைச் சொல்லியிருக்க முடியும்? அந்தப் பையனோடு சண்டைக்கும் போகாதீர்கள். இந்து திருமணச் சட்டம் 16ஆம் பிரிவுப்படி, செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கும் பெற்றவர் சொத்தில் பங்கு உண்டு. சித்தப்பா, பெரியப்பா போன்ற மற்றவர்கள் சொத்தில்தான் அந்தப் பிரிவை வைத்துக் கேட்க முடியாது.
கொழிஞ்சாம்பாறை தம்பிக்கு: முறைப்படி தத்து எடுத்திருந்தால் வேர் தேட, அதாவது பெற்றவர் யார் என்று அறிய, வழி இருக்கிறது. 2022 தத்தெடுப்பு விதிமுறைகள் வந்திருக்கின்றன. 18 வயசு முடிந்தவர் தானே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழே என்றால் வளர்த்தவர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். பெற்றவர், தன்னை யாருக்கும் தெரிவிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவர் சம்மதம் இல்லாமல் விவரம் கிடைக்காது. சொந்தத்துக்குள் கை மாறியது என்றால் ஊர்ப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும், அதையும் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள்.
பேசத் தொடங்கும் வயசிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் மகளைக் கொல்லத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்துதான் அழைத்து வந்தோம். செங்கோட்டை ரயில் ஆரியங்காவு தாண்டும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்வோம். ஒரு தடவை பெட்டியில் எல்லோரும் கேட்க, "அப்போ என்னோட பில் இருக்கா?" என்றாள். எதிர் சீட்டுக்காரர் தலை குனிந்தவர், தென்மலை வரை நிமிரவில்லை.

சித்தூர் தமிழச்சி:
மாமா, தத்துக்கு நீங்கள் சொல்வது சரி. எல்லா ரகசியத்துக்கும் அதே அளவுகோலா? சிலது இன்னொருவருடைய வாழ்க்கையும் சேர்ந்தது.
எங்கள் தாத்தா "பிலாய் எஃகு ஆலையில் வேலை" என்றே வளர்ந்தேன். உண்மையில் காட்பாடி பக்கம் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் இருந்தார். அம்மா ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் அழைத்துப் போனார். தாத்தாவுக்கு விரல்கள் பாதிதான். சாத்துக்குடியை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, பல்லால் தோலைக் கடித்து உரித்து, எனக்கு முதல் சுளையை நீட்டினார். அம்மாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாங்கித் தின்றேன்.
மறைத்தது சித்தியின் கல்யாணத்துக்காக. கூட்டு மருந்தில் குணமாகும், பரம்பரையாக வராது என்பதெல்லாம் சம்பந்தி வீட்டில் எடுபடுமா? தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்றே சட்டத்தில் இருந்தது, 2019இல்தான் எடுத்தார்கள். சித்தப்பாவுக்கு இன்னும் பிலாய் கதைதான். இப்போது சித்தி மகன் தாத்தாவின் பி.எஃப். கணக்கைத் தேடிக் கொடுக்கிறேன் என்று கிளம்பியிருக்கிறான். நான் சொல்வதா, சித்தியா?

புளியரை மாமா:
சித்திதான். நீங்கள் சொன்னால் குடும்பத்துக்குள் விரோதம்தான் வரும். முதலில் அவர் கணவரைத் தனியாக...

வண்டிப்பெரியாறு மகள்:
அண்ணே, நான் அம்மாவைக் குறை சொல்லவே இல்லை, மேலே போய்ப் படித்துப் பாருங்கள். சண்டையும் இல்லை. அவன் பேரும் சேர்த்தே சான்றிதழ் வாங்கிவிட்டோம். பொங்கலுக்கு வருகிறேன் என்று அம்மாவுக்குத்தான் போன் செய்திருக்கிறான்.