எப்பிங் காடு, லீ ஆறு: கார் இல்லாத பாதையில் காலை வாரிய இடங்கள்

(லண்டன் சைக்கிள் ஓட்டிகளின் இணைய உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

லாக்கோரம்

பாதை உங்களுக்கெல்லாம் தெரியும். வடக்கு லண்டனின் டாட்டன்ஹாமில் லீ நேவிகேஷன் (லீ ஆற்றின் படகுக் கால்வாய்) கரையைப் பிடித்தால் வடக்கே வால்தம் ஆபி வரை கார் கிடையாது. நேஷனல் சைக்கிள் ரூட் 1. எழுத வந்தது அதைப் பற்றி அல்ல, அந்தக் கம்பத்தைப் பற்றி.

ரேமி மார்ஷ் லாக் (படகுகளை ஏற்றி இறக்கும் மதகு) தாண்டி எம்25 நெடுஞ்சாலைப் பாலம் தலைக்கு மேலே போகும் இடம். மேலே லாரி இரைச்சல், மணி அடித்தாலும் கேட்காது. தூண்டில்காரர் மீனை இழுக்கிறார். கறுப்புக் கார்பன் கம்பம் பின்பக்கமாக, பாதைக்குக் குறுக்கே, தரையிலிருந்து அரை அடி உயரத்தில் வழுக்கிக்கொண்டு வருகிறது. வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்த கண்ணுக்கு அது தெரியவே இல்லை. பிரேக் பிடித்து நின்றபோது முன்சக்கரத்துக்கும் கம்பத்துக்கும் இடையில் ஒரு சாண்.

ரீல் இல்லாத தூண்டில் இது. நூலைச் சுற்ற வழியில்லை, கம்பத்தையே பின்னால் இழுத்துத் துண்டு துண்டாகக் கழற்ற வேண்டும். முழு நீளம் 16 மீட்டர் வரை இருக்கும், பாதையின் அகலமோ பல இடங்களில் 2 மீட்டர்தான். அவர் கண் தக்கையில் இருக்கும், முதுகுப் பக்கம் பார்க்க மாட்டார். ஓர் அடையாளம் சொல்கிறேன்: அவருக்குப் பின்னால், பாதைக்கு அந்தப் பக்கப் புல்லில், உருளை வைத்த சிறு ஸ்டாண்ட் நின்றால் கம்பம் வரப்போகிறது என்று அர்த்தம். நடை வேகத்துக்கு இறக்கி, குரல் கொடுத்து, பதில் வந்த பிறகு போங்கள். சக்கரம் ஏறி ஒரு துண்டு விரிசல் விட்டால் பேச்சு நூறு பவுண்டுகளில் ஆரம்பிக்கும்.

சில்லும் சேறும்

தூண்டிலை விடுங்கோ அண்ணை. காட்டுக்குள்ள களிதான் ஆளை விழுத்துறது.

மாசி மாதம், கிறீன் ரைட் எண்ட காட்டுப் பாதைப் பக்கம். சரளை போட்ட நடுப்பாதையில குட்டை நிண்டது. அதை விலத்திறதுக்கு ரெண்டு மீற்றர் ஓரத்தால போனதுதான் பிழை. லண்டன் களி, அதுக்கு மேல ஹார்ன்பீம் இலை, அதுக்குள்ள ஒரு சுள்ளி. அம்பது மீற்றர் போக முதலே பின்சில்லு இறுகிட்டுது. ஒரு மிதி கூட மிதிச்சதுதான், 'டக்' எண்டு ஒரு சத்தம். டிரெய்லியரை (கியர் மாத்திற கருவி) பிரேமில தொங்கவிடுற ஹேங்கர் முறிஞ்சு, டிரெய்லியர் சில்லுக் கம்பிக்குள்ள போய்ச் சுத்திக் கிடக்குது.

அந்த ஹேங்கர் முறியத்தான் வேணும், இல்லாட்டிப் பிரேம் முறியும். அதுக்காகத்தான் மெல்லிய அலுமினியத்தில செய்யிறவை. கனக்கப் பிரேமுகளுக்கு வேற வேற ஹேங்கர், யூடிஎச் எண்ட பொது ஹேங்கர் அதுக்கெண்டு செய்த புதுப் பிரேமுகளுக்குத்தான் பொருந்தும். வாங்கி சீற்றுக்குக் கீழ இருக்கிற பையில போட்டு வையுங்கோ. கையில இல்லையெண்டால் செயின் வெட்டியால செயினைக் கழட்டி, டிரெய்லியரை எடுத்துவிட்டு, முன் பல்லுக்கு நேர்கோட்டில வாற, பின்சில்லின்ர ஒரு நடுப்பல்லில போட்டு, குவிக் லிங்கால (கையால பூட்டுற செயின் கண்ணி) பொருத்தினால் ஒற்றைக் கியரில வீடு வரலாம். செயின் தொய்யக் கூடாது. தொய்ஞ்சால் தானாப் பெரிய பல்லுக்கு ஏறி இறுகிப்போடும்.

ரயருக்கும் பிரேமுக்கும் இடையில ரெண்டு பக்கமும் 6 மில்லிமீற்றராவது வேணும். 42 மில்லிமீற்றர் அகல ரயர் உரசாமல் சுத்துது எண்டு சந்தோசப்படுறது கோடைக்குச் சரி. கார்த்திகைக்குப் பிறகு 38க்கு இறங்கிறது புத்தி. எங்கட ஊர்க் கிறவல் ரோட்டை நினைச்சு வராதேங்கோ. அது செம்மண், காஞ்சால் தட்டி விடலாம். இது காஞ்சால் சீமெந்து.

வாரக்கடைசி வண்டி

லாக்கோரம் அவர்களே, 'கார் கிடையாது' என்பது ஆற்றுக்கு மட்டும் சரி. தலைப்பில் காடும் ஆறும் என்று போட்டுவிட்டு இரண்டுக்கும் நடுவில் உள்ளதைச் சொல்லாமல் விட்டீர்கள். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். ஆனால் நடுவில் நிற்பவை கிங் ஜார்ஜ், வில்லியம் கெர்லிங் என்ற இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள். அவற்றுக்கு இடையே போகும் லீ வேலி ரோடு ஏ110. அங்கே மாலை 5 மணிக்குக் கைப்பிடியை உரசுகிற மாதிரி போன வேனின் கண்ணாடியை நினைத்தால் 'டிராஃபிக் ஃப்ரீ' என்ற சொல்லே கசக்கிறது. வடக்கே வால்தம் ஆபியிலிருந்து ஏறினாலும் ஏ112 இருக்கிறது.

குழந்தைகளோடு போகிறவர்கள் ஆற்றையும் காட்டையும் ஒரே நாளில் இணைக்க வேண்டாம். சிங்ஃபோர்ட் வரை ரயிலில் வந்து இறங்குங்கள் (வாரநாள் நெரிசல் நேரத்தில் மடக்காத சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள்). 1543இல் எட்டாம் ஹென்றிக்குக் கட்டிய வேட்டை மாளிகையைத் தாண்டினால் காடுதான். அங்கிருந்து எப்பிங் வரை சரளைப் பாதைகளைப் பிடித்தே போகலாம். ஆனாலும் ஏ104, ஏ121 இரண்டையும் குறுக்கே கடந்தாக வேண்டும். அங்கே வண்டிகள் வேகம். இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பதே நல்லது. வேக் ஆர்ம்ஸ் ரவுண்டானாவுக்குள் மட்டும் சைக்கிளோடு நுழையாதீர்கள்.

இன்னொன்று. ஆற்றங்கரையில் தலைக்கு மேலே போகிற அதே எம்25, எப்பிங்கில் பெல் காமன் சுரங்கமாகக் காலுக்குக் கீழே போகிறது, மேலே கிரிக்கெட் மைதானம். அந்த அமைதி ஆற்றங்கரைக்கும் வாய்த்திருக்கலாம்.

அச்சாணி

சிங்ஃபோர்ட் பிளெயின், ஃபேர்மீட் பக்கம் லாங்ஹார்ன் மாடுகள். கொம்பு இரண்டும் சேர்ந்தால் பாதையின் அகலம். வேலி கிடையாது, கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை. எல்லையை நெருங்கினால் பட்டை ஒலி எழுப்பும், கேட்காமல் தாண்டினால் லேசான மின்னதிர்வு. பனிமூட்டத்தில் அந்த ஒலி மட்டும் கேட்கும், மாடு தெரியாது. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே புகாதீர்கள். வேறொன்றும் செய்யாது, நம் ஊர் மாட்டைவிடச் சாது.

பதமான காற்று

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சேறு, மாடு, கம்பம் எல்லாம் எப்போதாவது வருவது. இந்தப் பாதைகளில் அடிக்கடி வருவது ஃப்ளின்ட். சரளைக்குள் கண்ணாடி மாதிரி உடைகிற கல். என்ஃபீல்ட் லாக் அருகே ட்யூப் இல்லாத ஒரு பின்டயரில் விழுந்த வெட்டு 8 மில்லிமீட்டர். ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் வெள்ளைச் சீலன்ட் திரவம், சக்கரம் சுற்றச் சுற்ற முதுகெல்லாம் கோலம் போட்டது, அடைக்கவில்லை.

சீலன்ட்டால் அடைக்க முடிவது ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் வரைதான். 700×40 (40 மில்லிமீட்டர் அகல) டயருக்கு 50 மில்லி ஊற்றுங்கள், 3 மாதத்துக்கு ஒருமுறை வால்வு வழியாகக் குச்சி விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டவில்லை என்றால் உள்ளே ரப்பர் தோல்தான் மிச்சம். வெட்டு விழுந்ததும் ஓட்டை கீழே வருமாறு சக்கரத்தைத் திருப்பி அரை நிமிடம் நிறுத்துங்கள். நிற்கவில்லையா, ப்ளக் (ரப்பர் திரி) குத்துங்கள். முழுவதும் உள்ளே போக விடாமல் வெளியே ஒரு சென்டிமீட்டர் நிற்க, அதைச் செருகிய ஊசியை வெடுக்கென்று இழுக்க வேண்டும்.

அதுவும் போனால் ட்யூப். எல்லோரும் தவறு செய்வது இங்கேதான். ட்யூப்லெஸ் டயருக்குள் மாதக்கணக்காகக் குத்தி நின்ற முள்கள் இருக்கும். சீலன்ட் அவற்றைக் காட்டிக்கொடுக்காமல் வைத்திருக்கும். அப்படியே ட்யூப் போட்டால் பத்து நிமிடத்தில் அதுவும் போச்சு. குளிர்காலத்தில் ஹாதார்ன் முள்செடி வேலியை வெட்டிய பிறகு கரைப்பாதை முழுக்க முள்தான். துணியால் உள்சுற்றைத் தடவுங்கள், விரலால் வேண்டாம். வெட்டு பெரிதாக இருந்தால் உள்ளே 5 பவுண்ட் தாளை மடித்து வைக்கலாம். இப்போது வருவது பிளாஸ்டிக் தாள், எளிதில் கிழியாது.

காற்று: 70 கிலோ ஆள், 40 டயர் என்றால் முன்னே 28, பின்னே 31 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). காட்டுக்குள் 3 குறையுங்கள். 50 அடித்துவிட்டு 'சரளை கையை உலுக்குகிறது' என்று புலம்புகிறவர்களுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

லாக்கோரம்

பதமான காற்று, 28 வைத்தால் பாலமேறும் இடத்தில் ரிம் அடிவாங்கும். படகிழுத்த குதிரைகள் வழுக்காமலிருக்கச் சில சரிவுகளில் குறுக்கே செங்கல் வரிகள் பதித்திருக்கிறார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து பின்சக்கரத்தில் கனத்தைப் போட்டு இறங்கினால் 'டங்'. கரைப்பாதைக்கு 35க்குக் குறையக் கூடாது.

வாரக்கடைசி வண்டி சொன்னது சரி. தலைப்பு என் தவறு.

பதமான காற்று

செங்கல்லில் எழுந்து நின்று மிதியுங்கள். காற்று மேல் பழி போடாதீர்கள்.

மணிச்சத்தம்

குதிரையை யாரும் சொல்லவில்லையே. கிரீன் ரைட் என்று பாதைக்கு 'ரைட்' (சவாரி) எனப் பெயர் வைத்ததே குதிரைக்குத்தான்.

இறக்கத்தில் மிதிக்காமல் உருண்டு வந்த சைக்கிளின் பின்சக்கர நடுவிலுள்ள ஃப்ரீஹப் 'கிரிக் கிரிக்' என்று பின்னால் நெருங்க, குதிரை இரண்டு பின்னங்கால்களையும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் எடுத்து வைத்தது. மேலே இருந்தது பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை. விழவில்லை. கடிவாளத்தைப் பிடித்த அந்தக் கைகள் வெளுத்ததுதான் கண்ணிலேயே நிற்கிறது.

நேர் பின்னால் வருவது குதிரைக்குத் தெரியாது. தெரியாத சத்தம் என்றால் அதற்கு வேட்டை மிருகம். 20 மீட்டர் முன்பே மனிதக் குரலில் பேசுங்கள், 'குட் மார்னிங்' போதும். மணி வேண்டாம். குதிரை ஓட்டுபவர் கை காட்டிய பிறகு, வலப்பக்கமாக, 2 மீட்டர் தள்ளி, மணிக்கு 10 மைல் வேகத்துக்குள். 2022 ஹைவே கோடில் (பிரிட்டிஷ் சாலை விதிகள்) வண்டிகளுக்குச் சொன்ன கணக்குதான், இங்கேயும் பொருந்தும்.

சில்லும் சேறும், ஒரு சண்டை. குட்டையை விலத்தி ஓரத்தால் போனது ஹேங்கருக்கு மட்டும் கேடல்ல. ஒவ்வொருவரும் விலக விலகப் பாதை ஆறு மீட்டர் அகலச் சேறாகிறது, பொல்லார்ட் மரங்களின் வேர் நசுங்குகிறது. தலை வெட்டி வளர்த்த அந்த மரங்களில் பல சில நூறு வயசு. குட்டையின் நடுவாலேயே போங்கள், அடியில் இறுக்கிய சரளை இருக்கும். லவ்டன் கேம்ப், ஆம்ப்ரஸ்பரி பேங்க்ஸ் இரண்டும் இரும்புக்கால மண்கோட்டைகள், அங்கே சைக்கிளுக்குத் தடை. குதித்து விளையாடக் கட்டின மேடு மாதிரித் தெரியும், ஏமாறாதீர்கள்.

சில்லும் சேறும்

ஒப்புக்கொள்ளுறன். ஆனால் நடுவால போறவை பிரேக் பாட் (உரசுற கட்டை) தேயுறதையும் பாருங்கோ. ரெசின் பாட் (பிசினால செய்தது) சரளைத் தண்ணியில நனைஞ்சால் ஒரு குளிர்காலம் தாங்காது. சின்ரர்ட் (உலோகத்தூளால செய்தது) போடுங்கோ, கத்தும், ஆனால் நிக்கும்.

வாரக்கடைசி வண்டி

கடைசியாக ஒன்று, சின்னக் குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு. கோடையில் நேவிகேஷனின் சில பகுதிகளை பென்னிவொர்ட் என்ற மிதக்கும் கொடி மூடிவிடும். கரையிலிருந்து கரை வரை ஒரே பச்சை. ஸ்டோன்பிரிட்ஜ் லாக் அருகே ஒரு ஸ்பானியல் நாய் அதைப் புல்தரை என்று நினைத்து ஓடியே இறங்கியது. ஒரு நொடி பச்சை மூடிக்கொண்டது. எந்த இடத்தில் விழுந்தது என்ற அடையாளம்கூட இல்லை. இரண்டு மீட்டர் தள்ளி மூக்கு வந்தது.

சமநிலைச் சக்கரம் போட்ட சைக்கிள் என்றால் பெரியவர் தண்ணீர்ப் பக்கம், குழந்தை வேலிப் பக்கம். போகிறபோது கடந்த லாக்கின் பெயரை நினைவில் வையுங்கள், 999 அவசர எண்ணில் 'எங்கே' என்று கட்டாயம் கேட்பார்கள்.

அச்சாணி

நாய் சரியாக இருக்கிறதா?

வாரக்கடைசி வண்டி

இருக்கிறது. கரையேறி உதறியதில் மூன்று பேர் பச்சை.