இரு செயலிகளை அருகருகே வைப்பதற்குச் சொல்: பகுதிரையா, பிளவுத்திரையா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கணினித் திரையின் ஒரு பாதியில் ஒரு செயலியையும் மறுபாதியில் இன்னொன்றையும் வைத்து வேலை செய்யும் வசதிக்குச் சொல் கேட்டிருந்தேன். மொழிபெயர்ப்புக் கோப்பை நாளை மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பதால், வந்த பரிந்துரைகளைப் பற்றி என் கருத்தை எழுதிவிடுகிறேன்.

> பகுபதம் என்பது போலப் ‘பகுதிரை’ என்றால் என்ன?

இலக்கணப்படி இதில் குறையே இல்லை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘பகுத்திரை’ என்று எழுதுவதுதான் பிழை. ஆனால் நேற்று இச்சொல்லைப் பட்டியில் (மெனுவில்) இட்டுக் காட்டியபோது, அருகில் இருந்தவர் ‘பகுதி’ என்று படிக்கத் தொடங்கி, ‘ரை’யில் வந்து தடுமாறி நின்றுவிட்டார். பழகிய சொல்லைத்தான் கண் முதலில் பற்றுகிறது; நன்னூலைக் காட்டி அதைத் திருத்த முடியாது.

> ‘பிளவுத்திரை’ எல்லோருக்கும் புரிகிறதே?

புரிகிறது, பெரும்பாலோர் அதன் பக்கம் இருப்பதையும் அறிவேன். ஆயினும் இங்கே பிளவுபடுவது திரையன்று. திரை ஒன்றாகவே இருக்க, இரண்டு சாளரங்கள் ஒன்றையொன்று மறைக்காமல் அதன் பரப்பைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 1985இல் வெளிவந்த விண்டோஸின் முதற்பதிப்பில் செயலிகளின் சாளரங்கள் இப்படித்தான் பக்கம் பக்கமாக நின்றன; ஒன்றன்மேல் ஒன்று கவிவது 1987இன் இரண்டாம் பதிப்பில்தான் வந்தது. எனவே பெயரும் சாளரத்திலிருந்தே பிறக்க வேண்டும் என்கிறேன்.

சாளரம் வடசொல், ‘காலதர்’ என்போம் என்றார் ஒருவர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி, அழகிய சொல்தான். ஆனால் சிலப்பதிகாரத்தில் இரண்டு சொற்களுமே இருக்கின்றன. கணினித் தமிழில் வேரூன்றிவிட்ட சாளரத்தை ஒரு பொத்தானுக்காகப் பெயர்த்தெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ‘இணைச்சாளரம்’ என்பதும் இடர் தருகிறது. இணையம், இணைப்பு என்று பழகியவர்கள் இரண்டு சாளரங்களுக்கும் ஏதோ தொடர்பு ஏற்படுத்தப்பட்டதாகவே கொள்வார்கள்.

ஆகவே பெயராக ‘அருகமை சாளரங்கள்’ என்பதையும், பொத்தானுக்கு ‘அருகருகே வை’ என்பதையும் முன்வைக்கிறேன். விண்டோஸ் விசையோடு இட அம்பை அழுத்தியதும் சாளரம் இடப்பாதியில் போய் நிற்கிறதே, அச்செயலுக்கு ‘ஒட்டு’ வேண்டாம். நகலெடுத்ததை இடுவதற்கு அச்சொல் ஏற்கெனவே வழங்குகிறது. ‘இடப்பக்கம் அமர்த்து’ என்றால் குழப்பமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பெரும்பான்மை ‘பிளவுத்திரை’க்கே என்றால் பட்டியில் அதையே இடுகிறேன். பொத்தானில் வினைச்சொல் வேண்டும் என்பதால் அங்கே மட்டும் ‘அருகருகே வை’ இருக்கட்டும். என் மறுப்பைக் கோப்பின் குறிப்புரையில் பதிந்துவைக்கிறேன்.

அன்புடன்.