கேம்பர் வேனுக்கு மடக்கு சோலார் பேனல்: 10 மீட்டருக்கு எந்த வயர்?

எலஹங்கா (கேள்வி): 200 வாட் மடக்கு பேனல் (20 வோல்ட், 10 ஆம்பியர்). வேனில் 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-அவர்) லித்தியம் பேட்டரி. பேனல் முதுகிலேயே பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் (பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சாதாரண வகை). அங்கிருந்து பேட்டரிக்கு 10 மீட்டர், 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர். வண்டி நிழலில், பேனல் வெயிலில், அதான் இவ்வளவு நீளம். மதியத்துக்குள்ளேயே கன்ட்ரோலர் ஃபுல் காட்டுது, ராத்திரி ஃப்ரிட்ஜ் கட் ஆகுது. பேனல் டூப்ளிகேட்டா? 4 ஸ்கொயர் போட்டா சரியாகுமா?

பானஸ்வாடி: பேனல் மேல பழி போடாதீங்க. நல்ல வெயிலில் சார்ஜ் ஏறும்போது கன்ட்ரோலர் அவுட்புட்டில் ஒரு ரீடிங், உடனே பேட்டரி முனையில் ஒரு ரீடிங் எடுத்துப் போடுங்க.

எலஹங்கா: கன்ட்ரோலரில் 14.4, பேட்டரியில் 13.3.

பானஸ்வாடி: நடுவில் 1.1 வோல்ட் வயரிலேயே போகுது. 2.5 ஸ்கொயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.008 ஓம். போக 10, வர 10, மொத்தம் 20 மீட்டருக்கு 0.16 ஓம். 1.1-ஐ 0.16-ஆல் வகுத்தா, ஓடுறது 7 ஆம்பியர்தான். கன்ட்ரோலருக்குத் தன் முனையில் இருக்கும் 14.4 மட்டும்தான் தெரியும். பேட்டரி நிறைஞ்சிடுச்சுன்னு நினைச்சு கொஞ்ச நேரத்தில் ஃப்ளோட்டுக்கு (நிறைஞ்ச பேட்டரிக்கான குறைஞ்ச வோல்ட் நிலை) இறங்கிடும். ஃப்ளோட் 13.8-ன்னா வித்தியாசம் 0.5 வோல்ட்தான், பேட்டரிக்கு வர்றது 3 ஆம்பியர். பாதி வயிறோட நிக்கும்.

முதலில் கன்ட்ரோலரை இடம் மாத்துங்க. 20 ஆம்பியர் எம்பிபிடி (பேனலின் கூடுதல் வோல்ட்டைக் குறைச்சு ஆம்பியரைக் கூட்டித் தரும் கன்ட்ரோலர்) ஒண்ணு, பேட்டரியிலிருந்து 1 மீட்டருக்குள், லித்தியம் செட்டிங்கில். முதுகில் இருக்கிற பழசைக் கழட்டி, பேனல் லீடை நேரா வயரில் சேருங்க. ரெண்டையும் வரிசையா விட்டா ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும். நீள வயர் 6 ஸ்கொயர்.

கோரமங்களா: கன்ட்ரோலர் பேட்டரி பக்கம் வந்தபிறகு 6 அவசியமா? 10 ஆம்பியரில் 4 ஸ்கொயருக்கு 1 வோல்ட் இழப்பு, 10 வாட் போகும். 6-க்கு 0.7 வோல்ட், 7 வாட். அந்த 3 வாட்டுக்காகத் தினமும் தடி வயரைச் சுருட்டணுமா? நான்னா 4-தான். பின்னாடி இன்னொரு பேனல் பேரலலா சேர்க்கிற எண்ணம் இருந்தா மட்டும் 6.

பானஸ்வாடி: அதுவும் சரிதான். ஒரே பேனல்னா 4 போதும்.

பெங்களூரு எஸ்பி ரோட்டில் (எலக்ட்ரிக்கல் கடைத்தெரு) வாங்கும்போது ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்க சார். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்புன்னா டின் (வெள்ளீயம்) பூசின செம்பு, தைரியமா எடுக்கலாம். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளைன்னா செம்பு பூசின அலுமினியம். 4-ன்னு எழுதியிருந்தாலும் 2.5 மாதிரிதான் நடந்துக்கும்.

எலஹங்கா: வண்டி பாடியில் 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் (அதிக ஆம்பியர் தாங்கும் டிசி பிளக்) வைக்கலாமா? ஃப்யூஸ் எங்கே?

கோரமங்களா: வைங்க. ஆனா அதில் வயரை நுழைச்சு நசுக்குற காண்டாக்ட் குழாய் தடி வயருக்கானது, 4 ஸ்கொயர் உள்ளே ஆடும். சின்னக் குழாய் காண்டாக்ட் கேட்டு வாங்குங்க. கட்டிங் பிளேயரால் நசுக்காதீங்க, கிரிம்பிங் டூல் வேணும். லூஸ் கிரிம்ப் சூடாகி பிளக்கே உருகும்.

ஃப்யூஸ் 20 ஆம்பியர், பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள். கன்ட்ரோலர்–பேட்டரி வயர் 6 ஸ்கொயர், ஏன்னா எம்பிபிடி கூட்டித் தர்றதால அங்கே 15 ஆம்பியர் ஓடும். ஒரே பேனல்ங்கறதால பேனல் பக்கம் ஃப்யூஸ் வேண்டாம். ஷார்ட் ஆனாலும் 10 ஆம்பியர் சொச்சம்தான் வரும்.

பிளக்கை முதல் தடவை சொருகும் முன்னாடி மீட்டரில் பிளஸ் மைனஸ் பார்த்துடுங்க. எம்சி4 (சோலார் பேனல் வயருக்கான கனெக்டர்) எக்ஸ்டென்ஷனில் இது அடிக்கடி தலைகீழாகும். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை மாட்டுங்க, அப்புறம் பேனல். கழட்டும்போது பேனல் மேல ஒரு போர்வையைப் போட்டு, பேனலை முதலில் கழட்டுங்க. வெயிலில் லோடோட எம்சி4-ஐப் பிடுங்கினா பொறி பறக்கும்.