தக்கலையில் பெயிண்ட் கடை: வயர் இழுப்பதா, வைஃபையிலேயே ஓட்டுவதா?

தக்கலை பெயிண்ட்கடை:

வணக்கம். தக்கலையில் எங்களுக்குப் பெயிண்ட், பிளம்பிங், எலக்ட்ரிகல் சாமான் விற்கிற கடை. அப்பா தொடங்கியது, வாடகைக் கட்டடம், முன்பாகம் பழைய கருங்கல் சுவர், பின்பக்கம் பிறகு சேர்த்துக் கட்டிய கான்கிரீட். கடைக்குப் பின்னால் முற்றம், அதைத் தாண்டி ஒரு 40 மீட்டரில் எங்கள் சொந்தக் குடோன், தகரக் கூரை.

கடையில் பில் போட 2 கம்ப்யூட்டர், கணக்குக்கு ஒன்று, கலர் கலக்குகிற டின்டிங் மெஷினோடு ஒன்று. குடோனில் ஒரு கம்ப்யூட்டரும் லேபிள் பிரிண்டரும். கேமரா 6. எல்லாம் இன்டர்நெட் கனெக்‌ஷனோடு வந்த ஒரே ரூட்டரின் வைஃபையில் ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வதே தப்பு.

ஜிஐ பைப்பு லோடு வந்து சுவரோரம் அடுக்கினால் அன்றைக்குக் கணக்குக் கம்ப்யூட்டருக்கு சிக்னல் போய்விடும். பைப்பு விற்றுத் தீரத் தீர சிக்னல் திரும்பி வரும். ஸ்டாக் எவ்வளவு கிடக்கிறது என்று சிக்னலைப் பார்த்தே சொல்லிவிடலாம் அண்ணா என்று கடைப் பையன் கிண்டல் செய்கிறான். போன சனிக்கிழமை சாயங்காலம், கான்டிராக்டர்கள் கூலி கொடுத்துவிட்டு மொத்தமாகச் சாமான் எடுக்க வருகிற நேரம், பில் திரை அப்படியே நின்றுவிட்டது. 20 லிட்டர் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நிற்கிறார், நான் பேனாவைத் தேடிக் கையால் பில் எழுதுகிறேன்.

இன்டர்நெட் போட வந்த தம்பி, ஒன்றிலிருந்து ஒன்று சிக்னலை வாங்கிக் கடத்துகிற 3 பெட்டி உள்ள மெஷ் வைஃபை வாங்கி வைத்தால் போதும், வயர் எல்லாம் பழைய காலம் என்கிறான். எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் எல்லாவற்றுக்கும் கேபிள் இழுக்கத்தான் வேண்டும், கூலியோடு முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்கிறார். கட்டடக்காரர் சுவரில் ஓட்டை போடக் கூடாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

மார்த்தாண்டம் லேன்காரன்:

12 வருஷமாக நெட்வொர்க் கேபிள் இழுக்கிற வேலைதான் செய்கிறேன், அதனால் கேபிள் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பிரச்சினை வேகம் இல்லை. பில் போடுவதற்கு 2 எம்பிபிஎஸ் கூட வேண்டாம். வைஃபை என்பது ஒரே மைக்கை வைத்துக்கொண்டு பத்துப் பேர் மாறி மாறிப் பேசுகிற கதை. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாய் மூடி நிற்க வேண்டும். அதில் 6 கேமரா இடைவிடாமல் படம் அனுப்பிக்கொண்டிருந்தால் பில் கம்ப்யூட்டருக்கு முறை எப்போது வரும்? போதாததற்கு வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். பஜாருக்குள் உங்கள் இரண்டு பக்கத்துக் கடையும், மாடி டியூஷன் சென்டரும், எதிர் பேக்கரியும் அந்த மூன்றுக்குள்தான் கத்திக்கொண்டிருக்கும்.

5 கிகாஹெர்ட்ஸில் கூட்டம் குறைவு, ஆனால் அது சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும், கருங்கல் சுவர் என்றால் கேட்கவே வேண்டாம். பெயிண்ட் டப்பா அடுக்கிய இரும்பு ரேக்கும் ரேடியோவுக்கு ஒரு தகரச் சுவர்தான். உங்கள் பையன் கிண்டலாகச் சொன்னாலும் விஷயம் அதுதான்.

மெஷ் பெட்டிகளும் தங்களுக்குள் வைஃபையில்தான் பேசிக்கொள்கின்றன. அதற்கென்று தனி ரேடியோ இல்லாத மலிவு மாடலில் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாவுகிற ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கேபிள் இழுத்து அந்தப் பெட்டிகளில் குத்தினால் நன்றாக ஓடும், அப்படியென்றால் கேபிள்தான் இழுத்தாயிற்றே.

நான் செய்தால் இப்படித்தான் செய்வேன். பில், கணக்கு, டின்டிங், கேமரா, இவை இடம் மாறப்போவதில்லை, நாலு வகைக்கும் கேபிள். கேமராவுக்கு பிஓஇ சுவிட்ச் (கேபிள்களை ஒன்றாகச் சேர்க்கிற பெட்டி) வாங்குங்கள், கரண்டும் படமும் ஒரே கேபிளில் போகும், ஒவ்வொரு கேமராவுக்கும் தனியாக அடாப்டர் தொங்காது. கேமரா பிஓஇ எடுக்கிற மாடல்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற டேப், போன், ஸ்கேனர் வைஃபையில் இருக்கட்டும்.

கேபிள் வாங்கும்போது ஏமாறாதீர்கள். கேட் 6 (கேபிளின் தரம்) என்று பெட்டியில் அச்சடித்து உள்ளே அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசி விற்கிறார்கள். கத்தியால் ஒரு கம்பியின் மேலே சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கினாலே தெரியும், முழுச் செம்பு கனக்கும். அலுமினியம் வளைத்த இடத்தில் முறியும், பிஓஇ கரண்டு போனால் சூடும் ஆகும்.

கட்டடக்காரர் விஷயம் எளிது. சுவரைத் தொட வேண்டாம். நிலைக்கு மேலே வென்டிலேட்டர் வழியாகக் கேபிள் போகும், அதற்குக் கேசிங் பட்டியை மரச்சட்டத்தில் திருகலாம். ஈபி வயர் போகிற பைப்புக்குள் மட்டும் சேர்த்துத் திணிக்காதீர்கள்.

வடசேரி ஜவுளி:

நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நாகர்கோவில் வடசேரியில் எங்கள் கடை, 4 வருஷமாக முழுக்க வைஃபை, ஒரு நாள் நின்றது கிடையாது. ஒரே ஹால், நடுவில் சீலிங்கில் ஆக்சஸ் பாயிண்ட் என்கிற வைஃபை பெட்டி ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் போட்டிருக்கிறோம், பில் கவுண்டர் 2. ஓணம் சமயத்தில் கேரளத்திலிருந்து கூட்டம் வந்தாலும் தாங்குகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை கடையை மாற்றி அமைப்போம், கவுண்டரைத் தூக்கி வேறு பக்கம் வைப்போம், கேபிள் என்றால் அன்றைக்கு ஆளைத் தேட வேண்டும். சின்னக் கடைக்கு எதற்கு இவ்வளவு செலவு?

மார்த்தாண்டம் லேன்காரன்:

கொள்ளாம், நல்ல அமைப்புதான். ஆனால் அண்ணா, உங்கள் சீலிங்கில் இருக்கிற அந்த ஆக்சஸ் பாயிண்டுக்குப் பின்னால் கேபிள் போகிறதா, இல்லையா?

வடசேரி ஜவுளி:

போகிறது. சரி, விடுங்கள்.

துணிக்கடையில் துணிதானே, வைஃபைக்குத் துணி ஒரு பொருட்டே இல்லை, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இரும்புக்கடைக்கு என் அனுபவம் பொருந்தாது.

கணக்குப்பிள்ளை:

பத்துப் பதினைந்து கடைக்குக் கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். டேலி கணக்கு சாஃப்ட்வேரில் பல கம்ப்யூட்டருக்கான கோல்டு வாங்கி மூன்று நாலு கம்ப்யூட்டரில் ஒரே டேட்டாவைத் திறந்து வேலை செய்கிறீர்கள் என்றால், அந்த டேட்டா இருக்கிற கம்ப்யூட்டரும் அதில் எழுதுகிற கம்ப்யூட்டரும் கண்டிப்பாகக் கேபிளில் இருக்க வேண்டும். யூடியூப் நடுவில் ஒரு விநாடி அறுந்தால் வட்டம் சுற்றிவிட்டு வந்துவிடும். வவுச்சர் சேமிக்கிற நேரத்தில் அறுந்தால் டேட்டாவே கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. மார்ச் கடைசியில் ஒரு கடையில் இப்படி ஆகி, பேக்கப் 11 நாள் பழையதாக இருந்து, அந்த 11 நாள் பில்லையும் இரண்டு பேர் உட்கார்ந்து திரும்பத் தட்டினோம். கேபிளுக்குக் கணக்குப் பார்த்த காசு அந்தக் கூலியிலேயே போயிருக்கும்.

இன்னொன்று, இது கேபிளைப் பற்றியது இல்லை. லோடு இறக்க வருகிறவருக்கும் ஜிபே வேலை செய்யாமல் நிற்கிற வாடிக்கையாளருக்கும் கடை வைஃபை பாஸ்வேர்டைக் கொடுக்கிறீர்கள்தானே? எல்லோரும் கொடுக்கிறோம். ரூட்டரில் கெஸ்ட் என்று தனி வைஃபை இருக்கும், அதைத் திறந்து அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள். கணக்கு இருக்கிற நெட்வொர்க்கில் யார் யாருடைய போனோ உலாவக் கூடாது.

குளச்சல் போட்சாமான்:

குடோனைப் பற்றி யாரும் பேசவில்லையே மக்கா. அதுதான் முக்கியம், காசைத் தொலைத்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்களுக்கும் கடைக்கும் பின்பக்க ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவில் முற்றம். கேட் 6 கேபிளைத் தென்னையில் கட்டி மேலே இழுத்திருந்தோம். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அன்றைக்கு மரம் சாய்ந்து கேபிளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. கரண்டு வரவே எத்தனை நாள் ஆனது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் கேபிள் போனதே எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. திரும்ப அதே மாதிரி மேலேயே இழுத்தோம், புத்தி வரவில்லை. அப்புறம் ஒரு சித்திரை மாதம், மத்தியானத்துக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்து இடி. பக்கத்து விளையில் ஒரு தென்னையில் விழுந்தது, எங்கள் கேபிளில் இல்லை. ஆனாலும் இரண்டு பக்க சுவிட்சும் போனது, கேமரா ரெக்கார்டர் போனது, இரண்டு கம்ப்யூட்டரில் கேபிள் குத்துகிற லேன் போர்ட் மட்டும் செத்துவிட்டது. கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, போர்ட்டில் லைட் எரியவில்லை.

பிறகு வந்து பார்த்தவர் சொன்னது, இரண்டு கட்டடத்துக்கும் எர்த் வேறு வேறு, நடுவில் செம்புக் கம்பி போட்டால் இடிக்கு நாமே பாதை போட்டுக் கொடுக்கிற மாதிரி என்று. இப்போது ஃபைபர், கண்ணாடி இழைக் கேபிள். கண்ணாடியில் கரண்டு போகாது. முற்றத்தில் ஒன்றரை அடி தோண்டி பைப்புக்குள் விட்டிருக்கிறோம், உங்களுக்குப் பைப்பு கடையிலேயே இருக்கிறது, கொடுத்து வைத்தவர்.

கடலோரம் என்றால் இன்னொரு தொல்லை, கேபிள் முனையில் மாட்டுகிற கிளிப்பில் இருக்கிற பின்கள் பச்சைப் பிடித்துப்போகும். தக்கலைக்கு அது அவ்வளவு வராது.

தக்கலை பெயிண்ட்கடை:

இடியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. போன ஐப்பசியில் குடோனில் டியூப்லைட் இரண்டு போனது, ஈபி வோல்டேஜ் என்று நினைத்துக்கொண்டேன். ஃபைபர் என்றால் பெரிய ஆபீஸ் வேலை இல்லையா, நமக்குக் கட்டுமா? இல்லையென்றால் இரண்டு கட்டடத்துக்கு மேலேயும் ஆன்டெனா மாதிரி ஒன்று வைத்து வைஃபையிலேயே அனுப்பலாம் என்கிறார்களே?

மார்த்தாண்டம் லேன்காரன்:

குளச்சல் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் எழுத விட்டுப்போனது என் தப்புதான்.

அந்த ஆன்டெனா ஜோடி நேர்க்கோட்டில் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். நடுவில் தென்னை இருந்தால் வெயிலில் ஓடும், ஆடிக் காற்றில் ஓலை ஆடும்போதும் மழையில் ஓலை நனையும்போதும் தடுமாறும். நம் ஊரில் இரண்டு மழைக்காலம். முற்றத்தில் மரமே இல்லை, தோண்டவும் முடியாது என்றால் மட்டும் அதை யோசியுங்கள்.

ஃபைபர் இப்போது வீட்டு இன்டர்நெட்டுக்கே வருகிறதே, பயப்பட ஒன்றும் இல்லை. இரண்டு முனைக்கும், ஃபைபர் ஒளியைச் சாதாரண கேபிளுக்கு மாற்றித் தருகிற மீடியா கன்வெர்ட்டர் என்று சின்னப் பெட்டி ஒன்று ஒன்று, நடுவில் ஃபைபர், முனையை ஒட்டிக்கொடுக்கக் கேபிள் டிவிக்காரர்களிடமே ஸ்பிளைசிங் மெஷின் இருக்கும். ஒற்றை இழையில் ஓடுகிற கன்வெர்ட்டர் ஏ, பி என்று ஜோடியாக வரும். இரண்டும் ஏ வாங்கி வந்துவிட்டு லைட் எரியவில்லை என்று எனக்கு போன் செய்தவர்கள் நிறைய. அப்புறம் வீடுகளுக்கு இழுக்கிற சாதாரண டிராப் ஃபைபரில் தாங்குவதற்காக ஒரு இரும்புக் கம்பி சேர்ந்தே வரும். அதைக் கட்டடத்துக்கு வெளியிலேயே வெட்டி விட்டுவிடச் சொல்லுங்கள், கன்வெர்ட்டர்வரை கொண்டுவந்தால் ஃபைபர் போட்ட பலனே இல்லை. உலோகமே இல்லாத ஃபைபரும் உண்டு, கிடைத்தால் அதையே போடுங்கள்.

ரூட்டர், சுவிட்ச், கன்வெர்ட்டர் மூன்றையும் இன்வெர்ட்டரில் கொடுங்கள். குடோன் பக்கக் கன்வெர்ட்டரை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

தக்கலை பெயிண்ட்கடை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வேலை முடிந்தது. முதலில் வந்த கேபிள் பெட்டியில் கத்தி வைத்துப் பார்த்தேன், உள்ளே வெள்ளை. எல்லோரும் இதைத்தான் சார் வாங்குகிறார்கள் என்றார் கொண்டுவந்தவர். நானும் கடைக்காரன்தானே, அந்த வசனத்தை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். திருப்பி அனுப்பிவிட்டேன்.

கடைக்குள் 10 கேபிள், குடோனுக்கு ஃபைபர், கடையில் ஒன்றும் குடோனில் ஒன்றுமாக 2 வைஃபை பெட்டி. எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்ன முப்பதைத் தாண்டி இன்னும் ஒரு ஆறாயிரம் போனது, அதில் பாதி முற்றம் தோண்டிய கூலி. டின்டிங் கம்ப்யூட்டர் மட்டும் வேகம் 1000 எம்பிபிஎஸ்க்குப் பதில் 100 என்று காட்டுகிறது, ஏன் என்று தெரியவில்லை.

மார்த்தாண்டம் லேன்காரன்:

கிளிப் அடித்ததில் ஏதோ ஒரு ஜோடிக் கம்பி உட்காரவில்லை. 100க்கு ஆரஞ்சும் பச்சையும் இருந்தால் போதும், 1000க்கு நாலு ஜோடியும் வேண்டும். நீலத்தையும் பிரவுனையும் பாருங்கள், இரண்டு முனையும் வெட்டித் திரும்ப அடித்தால் சரியாகிவிடும்.

தக்கலை பெயிண்ட்கடை:

பிரவுன்தான். சரியாகிவிட்டது, நன்றி அண்ணா.

நேற்று ஜிஐ பைப்பு லோடு வந்து அதே சுவரோரம் அடுக்கினோம், பில் நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒளிந்து நின்று பையன் போனில் பார்த்துக்கொண்டிருந்த கிரிக்கெட்தான் நின்றுவிட்டது.