'டிஸ்டல் ரேடியஸ்' என்றால் எந்த எலும்பு? அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

நாகலூர்க்காரன்:

வணக்கம். ஏற்காடு பக்கம் நாகலூரில் இருந்து எழுதுகிறேன். போன வாரம் திடீர் மழை, களத்தில் காயப்போட்டிருந்த காப்பிப் பழத்தைத் தார்ப்பாய் போட்டு மூட ஓடிய அம்மா வழுக்கி விழுந்து வலது கையை ஊன்றிவிட்டார். 61 வயது. துண்டில் தூளி கட்டி, 20 கொண்டை ஊசி வளைவிலும் அந்தக் கையை மடியில் பிடித்துக்கொண்டே சேலத்துக்கு இறங்கி வந்தார். எக்ஸ்ரே எடுத்து, மாவுக்கட்டு போட்டு அனுப்பிவிட்டார்கள்.

பிரச்சினை வீட்டுக்கு வந்த பிறகுதான். ரிப்போர்ட்டில் 'டிஸ்டல் எண்ட் ரேடியஸ் ஃபிராக்சர், மினிமலி டிஸ்ப்ளேஸ்டு, அல்னார் ஸ்டைலாய்டு அவல்ஷன்' என்று இருக்கிறது. அம்மா படிக்கச் சொன்னார், படித்தேன். ரேடியஸ் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. எங்கள் லைனில் ஒரு அத்தைக்கு மார்புப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் கொடுத்தார்கள், இவர் காதில் இரண்டும் ஒன்றாக விழுந்திருக்கிறது. ஸ்டைலாய்டு என்றதை ஸ்டீராய்டு என்று எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல், சரியாகச் சாப்பிடாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் ராத்திரி "கண்ணு, எனக்குப் புத்துநோய்னு மறைக்கிறீங்களா?" என்று கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

இல்லை என்று சொன்னேன். ஆனால் அது எந்த எலும்பு என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. தமிழில் இவற்றுக்கு என்ன பெயர்? அம்மாவுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது?

தியேட்டர் நர்ஸ் அக்கா:

தம்பி, முதலில் அம்மாவிடம் போய் உட்காருங்கள். கட்டு இல்லாத இடது கையை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இரண்டு எலும்புகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. அம்மாவின் விரலைப் பிடித்து அந்த இரண்டையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒடிந்தது கட்டைவிரல் பக்கத்து எலும்பு, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே. 'டிஸ்டல் எண்ட்' என்றால் உடம்பை விட்டுத் தள்ளி இருக்கும் முனை, அதாவது மணிக்கட்டுப் பக்கத்து முனை.

அப்புறம் அந்த ஸ்டைலாய்டு. சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டில் ஒரு குமிழ் எழும்பித் தெரியும் இல்லையா, அதை ஒட்டினாற்போல் கூராக ஒரு சின்ன முனை இருக்கும். விழுந்த வேகத்தில் தசைநார் இழுத்து அந்த முனை துணுக்காகப் பெயர்ந்திருக்கிறது, அதுதான் அவல்ஷன். ரேடியஸ் முறிவோடு சேர்ந்து இது அடிக்கடி வருவதுதான், பெரும்பாலும் அதற்கென்று தனியாக வைத்தியம் செய்ய வேண்டியிருக்காது, ஆனால் உங்கள் டாக்டர் படத்தைப் பார்த்துச் சொல்வதுதான் முடிவு. 'மினிமலி டிஸ்ப்ளேஸ்டு' என்றால் உடைந்த துண்டு கொஞ்சமாக மட்டும் விலகியிருக்கிறது. கேட்க நல்ல செய்திதான்.

கையைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள், விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டட்டும். விரல் மரத்துப்போனாலோ, நீலம் பாய்ந்தாலோ, கட்டு தாங்க முடியாமல் இறுக்கினாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், உடனே இறங்கி வந்துவிடுங்கள்.

பழைய தமிழாசிரியர்:

தம்பி கேட்ட பெயர்களைச் சொல்கிறேன். ரேடியஸ் என்பது ஆரை எலும்பு. அல்னா என்பது அரந்தி. இரண்டும் பாடநூல்களில் உள்ள சொற்கள்தான்.

ஆரை என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். லத்தீனில் ரேடியஸ் என்றால் சக்கரத்தின் ஆரக்கால். வட்டத்தின் ஆரம் என்று கணக்கில் படித்தோமே, அதே சொல். மாட்டு வண்டிச் சக்கரத்தில் நடுக் குடத்தில் இருந்து வெளி வட்டைக்குப் போகும் கட்டை ஆரக்கால். ஆக ஆரை எலும்பு என்பது வாயில் நுழையாத புதுச்சொல் இல்லை, வண்டி பார்த்த எவருக்கும் பழகிய சொல். உங்கள் அம்மாவின் வயதுக்காரர்களுக்கு நிச்சயம் தெரியும். முழங்கையை மேசையில் ஊன்றி, உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பிப் பாருங்கள். அரந்தி அதிகம் அசையாமல் இருக்க, ஆரை அதைச் சுற்றிப் புரண்டு வரும். ஊன்றிய முழங்கையின் கூரான முனை இருக்கிறதே, அது அரந்தியின் மேல்முனை.

ஸ்டைலாய்டும் அப்படித்தான், எழுத்தாணி போலக் கூராக நீண்டிருப்பதால் வந்த பெயர். எழுத்தாணி என்று சொல்லிப் பாருங்கள், ஸ்டீராய்டு பயம் எங்கே வரும்?

தோளுக்கும் நெஞ்சுக்கும் இடையே படுக்கையாக இருக்கிற எலும்புக்கு நம்மவர்கள் காறை எலும்பு என்று பெயர் வைத்தார்கள், காறை கழுத்தில் அணியும் நகை, அது வந்து படியும் இடம் அது. லத்தீன்காரர்கள் அதையே சின்னச் சாவி என்றார்கள். மூக்கின் உள்ளே நடுத்தடுப்பில் இருக்கும் எலும்புக்கு அவர்கள் வைத்த பெயர் கலப்பையின் கொழு. பட்டாணி, எள், படகு என்று கையில் இருந்ததை எல்லாம் எலும்புக்குப் பெயராக வைத்தார்கள். அவர்கள் உழவர் மொழியில் பெயர் வைத்தால் அது மருத்துவம், நாம் வைத்தால் புரியாத தமிழ் என்று ஒதுக்குவது எனக்கு வருத்தம். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், அதற்காக உடற்கூறு நூல்களைத் தமிழாக்கினார்.

தியேட்டர் நர்ஸ் அக்கா:

ஐயா சொல்வது மனதுக்குப் பிடித்திருக்கிறது. ஆரக்கால் விஷயம் எனக்கு இத்தனை வருஷத்தில் தெரியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வலியில் படுத்திருப்பவரிடம் அரந்தி என்றால் அவருக்கு அதுவும் அல்னா மாதிரிதான், இன்னொரு புரியாத சொல். நான் பெயரையே முதலில் சொல்வதில்லை. இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு, அதன் பிறகு பெயர். தொட்ட பிறகு எந்தப் பெயர் சொன்னாலும் பயம் வருவதில்லை.

பழைய தமிழாசிரியர்:

சரிதான் அம்மா. தொட்டுக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள், ஆனால் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். பத்துப் பேரிடம் சொன்னால்தான் பதினோராவது ஆளுக்கு அது பழகிய சொல் ஆகும்.

அஸ்தம்பட்டி பிசியோ:

தாமதமாகப் பார்க்கிறேன். புரியாத சொல்லால் வரும் குழப்பத்தை விட, புரிந்த மாதிரி இருக்கும் சொல்லால் வரும் குழப்பம்தான் என் வேலையில் அதிகம்.

இடுப்பு என்ற சொல்லையே பாருங்கள். 'ஹிப் ஃபிராக்சர்' என்பதை இடுப்பு எலும்பு முறிவு என்கிறோம். நம் ஊரில் இடுப்பு என்றால் கை தானாகப் பின்னால் போய்க் கீழ்முதுகைப் பிடிக்கும். ஆனால் வயசானவர்கள் விழுந்து 'ஹிப்' உடைந்தது என்றால் பெரும்பாலும் உடைந்தது தொடை எலும்பின் மேல்முனை. அது பந்து மாதிரி உருண்டு இடுப்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும், பந்துக்குக் கீழே மெலிந்த பகுதியை 'நெக்' என்பார்கள். ரிப்போர்ட்டில் 'நெக் ஆஃப் ஃபீமர்' என்று பார்த்துவிட்டு, கழுத்திலும் அடியா என்று பதறிப்போய்க் கேட்ட மகள்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மூட்டில் கோளாறு என்றால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் தெரியும்.

ஜவ்வு இன்னொன்று. முதுகில் முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு (டிஸ்க்) பிதுங்கினாலும் ஜவ்வு, முட்டியில் தசைநார் கிழிந்தாலும் ஜவ்வு, குருத்தெலும்பு தேய்ந்தாலும் ஜவ்வு. மூன்றும் வேறு வேறு பொருள், வைத்தியமும் வேறு. தண்டுவடம் தேய்ந்துவிட்டது என்றும் சொல்வார்கள். தண்டுவடம் என்பது முதுகெலும்புக்கு உள்ளே ஓடும் நரம்புத் தொகுதி, தேய்வது வெளியே இருக்கும் எலும்பும் வட்டும்.

அப்புறம், "ஃபிராக்சர் இல்லீங்க, வெறும் கிராக்தான்" என்று சொல்லிக்கொண்டு கட்டைத் தாங்களாகவே கழற்றிவிடுபவர்கள். கிராக் என்பதும் முறிவுதான். மெல்லிய விரிசலாக இருந்தாலும் எலும்பு ஒன்றுசேர அதற்கான காலம் ஆகும்.

நாகலூர்த் தம்பிக்கு முக்கியமான ஒன்று. கையை ஊன்றி விழுந்து ஆரையின் மணிக்கட்டு முனை ஒடிந்து, துண்டு புறங்கைப் பக்கம் சாய்ந்தால் அதற்குக் காலிஸ் முறிவு என்று பெயர். ஆபிரகாம் காலிஸ் என்ற அயர்லாந்து மருத்துவர் 1814இல் இதை விவரித்து எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடித்ததே 1895இல்தான், அவர் கையால் தடவியே கண்டுபிடித்தார். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, நின்ற உயரத்தில் இருந்து விழுந்ததற்கே இப்படி ஒடிந்தால் எலும்பு மெலிவு இருக்கலாம். அடுத்த முறை போகும்போது, எலும்பு அடர்த்தி பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். இன்று மணிக்கட்டோடு போனது, பத்து வருஷம் கழித்துத் தொடை எலும்பாக இருக்கக் கூடாது.

நாகலூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னபடியே நேற்று சாயங்காலம் உட்கார்ந்து, இடது கையில் இரண்டு எலும்பையும் தொட்டுக் காட்டினேன். அம்மா தானே ஒரு தடவை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். பிறகு மாவுக்கட்டு மேலேயே பேனாவால் இரண்டு கோடு போட்டு, ஒடிந்த இடத்தில் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டேன். ஐயா, ஆரக்கால் என்றதும் அம்மா சட்டென்று, "எங்கப்பன் வண்டில ஒண்ணு ஒடிஞ்சா ஆசாரி அதை மட்டும் மாத்துவாரு" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இன்று காலையில் அந்த அத்தை பார்க்க வந்தபோது, நான் வாயைத் திறக்கும் முன்பே அம்மா கட்டை நீட்டி அந்தக் கோட்டைக் காட்டி, கட்டைவிரல் பக்கத்து எலும்பு என்று விளக்கிக்கொண்டிருந்தார். ராத்திரி இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். எலும்பு அடர்த்தி பற்றி வெள்ளிக்கிழமை கேட்டுவிடுகிறேன்.

பிசியோ அண்ணா, அப்பாவின் பழைய ரிப்போர்ட் ஒன்றில் 'எல்4 - எல்5 டிஸ்க் பல்ஜ்' என்று இருக்கிறது. நாங்கள் இத்தனை நாளும் அதைத் தண்டுவடத் தேய்மானம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அஸ்தம்பட்டி பிசியோ:

கீழ்முதுகில் 5 முள்ளெலும்புகள், அதில் நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவில் இருக்கும் வட்டு கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்று அர்த்தம். இடுப்பில் பெல்ட் கட்டும் உயரத்தை ஒட்டிய இடம். வலி காலுக்கு இறங்குகிறதா, கால் மரக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போடுவதானால் பெயர், வயது, ஆஸ்பத்திரி நம்பர் மூன்றையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.