தரம் 3 பிள்ளைகளுக்குக் கோட்டை வரலாறு வாசிப்பு

கேள்வி: திருகோணமலைக் கோட்டையைப் பற்றி வாசிப்புத் துண்டு எழுதுகிறேன். ஆண்டுகளைக் கண்டதும் பிள்ளைகள் மிரளுகிறார்கள். என்ன செய்யலாம் டீச்சர்மார்?

பதில் 1: பக்கத்துக்கு ஓர் ஆண்டுதான். ஒரு மீற்றர் நூல் எடுங்கோ, 10 ஆண்டுக்கு 5 சென்ரிமீற்றர். நுனியில் 1624, போர்த்துக்கேயர் கட்டியது. 7.5 சென்ரிமீற்றரில் 1639, ஒல்லாந்தர் பிடித்தது. 85.5 இல் 1795, ஆங்கிலேயர். இடையில் கைமாறினதெல்லாம் இப்ப வேண்டாம், குழம்பிப்போவார்கள்.

பதில் 2: வாசிக்க முதல், வாசல் கல்லில் இருக்கிற இரட்டை மீனின் படத்தைக் காட்டுங்கோ. ‘போர்த்துக்கேயர் கோட்டையில் ஏன் இந்த மீன்?’ என்று கேட்டால், இடித்த கோணேசர் கோயில் கற்களால் கட்டினது என்ற வரியை அவர்களே தேடுவார்கள்.

பதில் 3: கோணேசர் கோயிலடிப் பாறைப் பிளவை இராவணன் வாளால் வெட்டினான் என்கிற ‘இராவணன் வெட்டு’க் கதையை அதே தாளில் போடாதீங்கோ. வேறு நிறத் தாளில், ‘ஐதீகம்’ என்று தலைப்பிட்டுக் கொடுங்கோ.

கேட்டவர்: நூலுக்குப் பதில் தையல் நாடா சரிவருமா?

பதில் 1: இன்னும் நல்லது, அளவு அதிலேயே இருக்குது.