தாத்தாவின் சுங்கானில் கம்பி பாதியிலேயே நிற்கிறது: துளை போடலாமா?

டீமேக்கர் பேரன்

வணக்கம். பழைய வீட்டைக் காலி செய்யும்போது தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் வளைந்த சுங்கான் (புகைபிடிக்கும் பைப்) ஒன்று கிடைத்தது. தாத்தா வால்பாறைப் பக்கம் எஸ்டேட் ஃபாக்டரியில் டீமேக்கராக இருந்தவர். 1936-இல் சீமைக்குத் திரும்பிய துரை கொடுத்துவிட்டுப் போனது, பூண் (மரத்தின் கழுத்தில் இருக்கும் உலோக வளையம்) வெள்ளி என்று பெரியப்பா சொல்கிறார்.

எனக்குப் புகைப்பழக்கம் கிடையாது. சுத்தம் செய்து அலமாரியில் வைக்கத்தான் ஆசை. பெரியப்பாவுக்கு 84 வயது. பற்றவைக்க வேண்டாம், வாயில் வைத்து ஒரு தடவை வெறும் காற்றை இழுத்துப் பார்த்தால் போதும் என்கிறார். அங்கேதான் சிக்கல். இழுத்தால் விசில் மாதிரி சத்தம் வருகிறதே தவிர காற்று வரவில்லை. வாய்ப்பக்கத்திலிருந்து மெல்லிய கம்பி விட்டால் பாதி தூரம் போய் முட்டி நிற்கிறது. வாயில் வைக்கும் கறுப்புத் தண்டைத் திருகினால் அசையவில்லை, ஒட்டிவிட்டார்கள் போல. வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். தண்டு பாசி பிடித்த நிறத்துக்கு மாறியதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பட்டறையில் டிரில் போட்டு அடைப்பை எடுக்கலாம் என்று இருக்கிறேன். 3 மி.மீ. பிட் போதுமா?

பழைய பைப் பிரியன்

முதலில் அந்த டிரில்லைக் கீழே வையுங்கள்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். மரத்தில் இரண்டு பக்கமும் என்ன எழுத்து அழுத்தியிருக்கிறது? பூணில் என்ன முத்திரை? வாயில் வைக்கும் நுனியில் துளை நேராக முன்னால் இருக்கிறதா, மேல்பக்கம் பார்த்து இருக்கிறதா?

மலைக்காற்று

இதுக்குப் போய் இவ்வளவு விசாரணையா? கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள், எல்லாம் கரைந்து வந்துவிடும். எங்கள் வீட்டு ஹூக்காவின் பித்தளைக் குழாயை அப்படித்தான் சுத்தம் செய்வோம்.

எபோனைட் பேனாக்காரன்

@மலைக்காற்று, பித்தளைக்குச் சரி. இது பித்தளை இல்லையே. அந்தக் கறுப்புத் தண்டு எபோனைட், பைப் ஆட்கள் வல்கனைட் என்பார்கள். ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்து இறுக்கியது. திருவள்ளூரில் கையால் கடைந்து விற்கிறார்களே மைப்பேனா, அதே சரக்குதான். நேராகக் கடைந்த தண்டைச் சூடாக்கித்தான் வளைப்பார்கள். கொதிநீரில் போட்டால் பழைய ஞாபகம் வந்து நிமிர்ந்துகொள்ளும்! மரத்தின் மெருகும் போய்விடும்.

பேரனுக்கு: நிறம் மாறியதற்குப் பயப்பட வேண்டாம். பல வருட வெளிச்சமும் காற்றும் பட்டு மேல்தோல் கெட்டிருக்கும். வெந்நீர் அதை வெளியே காட்டிவிட்டது, கொஞ்சம் கூட்டியும் இருக்கும். உள்ளே கறுப்பு அப்படியே இருக்கிறது.

டீமேக்கர் பேரன்

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ‘பீட்டர்சன்ஸ்’, அதன் கீழே ‘சிஸ்டம் ஸ்டாண்டர்ட்’. மறுபக்கம் மூன்று வரியாக ‘மேட் இன் தி ரிபப்ளிக் ஆஃப் அயர்லாந்து’, பக்கத்தில் 314. பூணில் ‘கே அண்ட் பி’, அதோடு மூன்று குட்டிப் படங்கள்: மூன்று இலை, ஒரு நாய், ஒரு கோபுரம். துளை மேல்பக்கம்தான் இருக்கிறது. இது என்ன ரோஸ்வுட்டா?

பழைய பைப் பிரியன்

அப்படியானால் அடைப்பு என்று நீங்கள் நினைப்பதில் பாதி அடைப்பே இல்லை.

இது டப்ளின் பீட்டர்சன் கம்பெனியின் (‘கே அண்ட் பி’ என்றால் காப் அண்ட் பீட்டர்சன்) ‘சிஸ்டம்’ பைப். சார்லஸ் பீட்டர்சன் 1890-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு. புகையிலை எரியும்போது ஈரம் சேரும். சாதாரண பைப்பில் அது துளை வழியே ஏறி நாக்கில் கசக்கும், இழுக்கும்போது களகளவென்று சத்தமும் போடும். இவர் என்ன செய்தார் என்றால், தண்டு சொருகும் பொந்தை இன்னும் ஆழமாகத் தோண்டி அடியில் ஒரு குட்டிக் கிணறு வைத்தார். புகையிலை போடும் கிண்ணத்திலிருந்து வரும் புகைத்துளை அந்தக் கிணற்றின் மேல்பாகத்தில் திறக்கும். ஈரம் கீழே தங்கும், புகை மட்டும் மேலே போகும். நுனியில் துளை மேலே பார்ப்பதும் அவர் வேலைதான். புகை நேராக நாக்கில் படாமல் மேல் அண்ணத்துக்குப் போகட்டும் என்று.

தண்டு மாட்டியிருக்கும்போது வாய்ப்பக்கத்திலிருந்து விடும் கம்பி இந்தக் கிணற்றில் இறங்கி முட்டும். கிண்ணம்வரை போகவே போகாது. புதுப் பைப்பிலும் அப்படித்தான். நீங்கள் டிரில் போட்டிருந்தால் கிணற்றின் அடியைத் துளைத்துக்கொண்டு பிட் வெளியே வந்திருக்கும். (ஒருவர் அப்படிச் செய்து, எம்-சீல் வைத்து அடைத்து என்னிடம் கொண்டுவந்தார். இன்னும் மேஜையில் கிடக்கிறது.)

மீதிப் பாதி நிஜமான அடைப்பு. அந்தக் கிணறு முழுக்கப் பழைய தார் உறைந்திருக்கும். தண்டை இறுக்கிப் பிடித்திருப்பதும் அதுதான், பசை இல்லை.

மரம் ரோஸ்வுட் இல்லை, பிரையர். மத்தியதரைக் கடலோரம் வளரும் ஒரு புதரின் வேர்முடிச்சு, எளிதில் தீய்ந்துபோகாது.

பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வீர்களோ தெரியாது. பூண் வெள்ளி இல்லை, நிக்கல். அந்த மூன்று படங்களும் பார்ப்பவர்கள் வெள்ளி முத்திரை என்று நினைக்கும்படி கம்பெனி போட்டுக்கொண்டவை. ஐரிஷ் வெள்ளி என்றால் கிரீடம் வைத்த யாழ், உட்கார்ந்திருக்கும் ஹைபர்னியா என்ற பெண் உருவம், வருடத்துக்கு ஒரு எழுத்து என்று இருக்கும். அப்புறம், 1936-இல் ‘ரிபப்ளிக் ஆஃப் அயர்லாந்து’ என்று ஒரு நாடு கிடையாது. அப்போது அது ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட். குடியரசானது 1949 ஏப்ரலில். பைப் அதற்குப் பிந்தியதுதான்.

டீமேக்கர் பேரன்

ஐயோ! பெரியப்பா விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். ஒட்டியிருக்கும் தண்டை எப்படிக் கழற்றுவது?

பழைய பைப் பிரியன்

பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் அரை மணி நேரம் வையுங்கள். குளிரில் நிக்கலைவிட எபோனைட் அதிகமாகச் சுருங்கும், பிடி விடும். வெளியே எடுத்ததும் கிண்ணத்தை இல்லாமல் பூணை ஒட்டி மரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கமாக மெதுவாகத் திருகுங்கள். ஆட்டக் கூடாது. வரவில்லையா, மறுபடி ஃப்ரீசர். நான் ஒன்றுக்கு நான்கு தடவை வைத்திருக்கிறேன்.

மழைக்காலம்

புகைத்துச் சூடாக இருக்கும்போது தண்டைக் கழற்றவே கூடாது, மரத்தின் கழுத்து வெடிக்கும் என்று படித்திருக்கிறேனே?

பழைய பைப் பிரியன்

மெல்லிய முளை வைத்துச் சொருகும் சாதாரணத் தண்டுக்கு அது சரி. இதில் முளையே கிடையாது. கூம்பு மாதிரி தண்டு பூணுக்குள் உட்காருகிறது, பூணும் மரத்தைக் காக்கிறது. நடுவில் கழற்றிக் கிணற்று ஈரத்தை உதறிவிட்டு மாட்டிக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடே.

டீமேக்கர் பேரன்

மூன்றாவது தடவை வந்துவிட்டது! உள்ளே தார் ரோடு போட்ட மாதிரி இருக்கிறது. நாற்றம் தாங்க முடியாமல் அம்மா என்னை மொட்டை மாடிக்குத் துரத்திவிட்டார். இனி எதை ஊற்ற வேண்டும்? கல் உப்பும் சாராயமும் போடச் சொல்லி எங்கோ படித்தேன்.

பழைய பைப் பிரியன்

உப்பு வேண்டாம் என்பது என் கட்சி. பலர் போடுகிறார்கள், சிலருக்குக் கழுத்து விரிசல் விட்டிருக்கிறது. பஞ்சே போதும்.

செல்போன் சர்வீஸ் கடையில் ‘ஐபிஏ’ என்று கேளுங்கள், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொடுப்பார்கள். ஸ்டேஷனரிக் கடையில் பிள்ளைகளின் கைவேலைக்கு விற்கும் பைப் கிளீனரில் பஞ்சு கிடையாது, செயற்கை இழைதான், ஈரத்தை உறிஞ்சாது. தார் சுரண்ட மட்டும் ஆகும். அதை நனைத்துக் கிணற்றைச் சுரண்டுங்கள், காது பட்ஸால் துடையுங்கள். ஐம்பது அறுபது பட்ஸ் கறுப்பாகும், மனம் தளர வேண்டாம். கிண்ணத்திலிருந்து கிணற்றுக்கு வரும் துளையைத் தண்டு சொருகும் பக்கமிருந்து, கிணற்றின் மேல்பாகத்தைப் பார்த்துச் சாய்த்துக் குத்துங்கள். அது சுமார் 4 மி.மீ. இருக்கும். டிரில் பிட்டைக் கையால் மட்டும் சுழற்றினால் போதும். ஆசைப்பட்ட பிட்டுக்கு அந்த வேலை கொடுக்கலாம்.

கடைசியாகக் கிண்ணத்திலும் கிணற்றிலும் பஞ்சு அடைத்து, ஆல்கஹால் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் பஞ்சு டிக்காஷன் நிறத்தில் இருக்கும். வெளிப்பக்கத்தில் மட்டும் சொட்டக் கூடாது, மெருகு கரைந்து வெள்ளைத் திட்டு விழும். அப்புறம் ஒரு வாரம் காயட்டும், உங்கள் ஊர் மழைக்கு இரண்டு வாரம்.

கிண்ணத்துக் கரியைத் தொட வேண்டாம். புகைப்பவர்கள் அதை ஒரு மி.மீ. அளவுக்குக் குறைத்து வைப்பார்கள், தடித்தால் சூட்டில் விரிந்து மரத்தைப் பிளக்கும். நீங்கள் பற்றவைக்கப் போவதில்லையே. தாத்தா சேர்த்து வைத்த கரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

எபோனைட் பேனாக்காரன்

தண்டு என் பாகம். பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர் (உப்புத்தாள்) 400, 600, 1000, 2000 வாங்கி, தண்ணீர் தொட்டு அந்த வரிசையில் தேயுங்கள். பழுப்புச் சேறு வரும், கந்தக வாடையும் வரும், அது சரியான அறிகுறி. தண்டு முழுக்கக் கறுப்பாகும்வரை 400-ஐ விடாதீர்கள். அவசரப்பட்டு 1000-க்குத் தாவினால் பளபளப்பு வரும், வெயிலில் பார்த்தால் அடியில் பச்சை தெரியும்.

பூணுக்குள் போகும் கூம்புப் பகுதியில் மட்டும் தாள் படக் கூடாது, தேய்ந்தால் தண்டு லொடலொடவென்று ஆகிவிடும். பல் பதிந்த பள்ளம் இருந்தால் லைட்டர் சுடரில் இரண்டு நொடி காட்டி எடுங்கள், தானே மேலெழும். முடிவில் தேன்மெழுகு தடவித் துணியால் தேய்த்தால் போதும். வெயில் படும் அலமாரியில் வைத்தால் மறுபடி பச்சையாகும்.

டீமேக்கர் பேரன்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். 74 பட்ஸ், எண்ணினேன். 400 தாளோடு மட்டும் மூன்று சாயங்காலம் போனது. இப்போது தண்டில் முகம் தெரிகிறது. நாற்றம் போய் லேசாகப் புகையிலை வாசனை மட்டும் இருக்கிறது. பெரியப்பா வாயில் வைத்து இழுத்தார், காற்று சத்தமில்லாமல் வந்தது. அப்படியே கண்ணை மூடி ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு 1949 விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்படின்னா 1936-ல துரை குடுத்தது கைத்தடிடா” என்றார். கைத்தடி எங்கே என்று கேட்டேன். காபி கேட்டார்.